1.1 ஜிபி கோப்புகள் பென்டிரைவில் 37 ஜிபி கேட்பது ஏன்?

#1 ஏட்டுச்சுவடி

வணக்கம். பழைய தமிழ் மாத இதழ்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் போட்டு (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து), பிழை திருத்தி வைத்திருக்கிறோம். பக்கத்துக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு. மொத்தம் ஏறக்குறைய 3 லட்சம் கோப்புகள், எல்லாமே ஒரே போல்டரில். கோப்பின் பெயரிலேயே இதழ், மாதம், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, பக்க எண் எல்லாம் இருக்கும். ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் மொத்த அளவு 1.1 ஜிபி.

இதை யாழ்ப்பாணத்தில் மெய்ப்பு பார்க்கும் தோழிக்கு ஒருவர் மூலம் கொடுத்தனுப்ப வேண்டும். கையில் இருந்த 64 ஜிபி பென்டிரைவில் 24 ஜிபிக்கு வீடியோ இருந்தது, மீதி 34 ஜிபி காலி. இரவெல்லாம் நகலாகிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தால், 2.78 லட்சம் கோப்புகள் போனதும் இடம் போதவில்லை என்று நின்றிருக்கிறது. 1.1 ஜிபிக்கு 34 ஜிபி போதாதா? வைரஸா, பென்டிரைவ் கோளாறா?

#2 சிப்பாய்7

போலி பென்டிரைவ், சந்தேகமே வேண்டாம். 8 ஜிபி சிப்பை வைத்து 64 என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். எஃப்3 என்று ஒரு நிரல் இருக்கிறது. முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். அதை ஓட்டிப் பாருங்க ப்ரோ.

#3 வட்டெழுத்து

எஃப்3 ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் போலி பென்டிரைவ் 'இடமில்லை' என்று நேர்மையாகச் சொல்லி நிற்காது. சத்தமில்லாமல் எழுதிக்கொண்டே போகும், திறந்து பார்க்கும்போதுதான் குப்பையாக இருக்கும். இது வேறு விஷயம்.

ஏட்டுச்சுவடி, இரண்டு இடத்திலும் வலது கிளிக் செய்து 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' இரண்டையும் எழுதுங்கள். பென்டிரைவ் எந்த ஃபார்மட் என்பதும் வேண்டும்.

#4 ஏட்டுச்சுவடி

கணினியில்: சைஸ் 1.1 ஜிபி, சைஸ் ஆன் டிஸ்க் 1.7 ஜிபி.
பென்டிரைவில் (போன வரைக்கும்): சைஸ் 1 ஜிபி, சைஸ் ஆன் டிஸ்க் 34 ஜிபி!
ஃபார்மட் எக்ஸ்ஃபேட் என்று இருக்கிறது. கணினியில் என்டிஎஃப்எஸ்.

#5 வட்டெழுத்து

அப்படியானால் விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. பென்டிரைவ் நன்றாகவே வேலை செய்கிறது.

ஒரு கோப்பில் 3,700 பைட் இருந்தால் டிஸ்க்கில் 3,700 பைட் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாடு, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் மாதிரி) பொதுவாகப் பைட் கணக்கில் இடம் ஒதுக்குவதில்லை. டிஸ்க்கை முதலிலேயே சம அளவுத் துண்டுகளாகப் பிரித்துவிடும். விண்டோஸ் உலகில் இதற்கு கிளஸ்டர் என்று பெயர், லினக்ஸில் பிளாக் என்பார்கள். ஒரு கிளஸ்டரில் ஒரே கோப்புதான் இருக்கலாம். மிச்சம் இருந்தால் அது வீண், அடுத்த கோப்பு அங்கே உட்கார முடியாது.

கிளஸ்டர் எவ்வளவு பெரியது என்பது ஃபார்மட் செய்யும்போது தீர்மானமாகிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் விண்டோஸ் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். என்டிஎஃப்எஸ் என்றால் 16 டிபி வரைக்கும் 4 கேபி. எக்ஸ்ஃபேட் என்றால் 256 எம்பிக்கு மேல் 32 ஜிபி வரை 32 கேபி, அதையும் தாண்டினால் 128 கேபி.

உங்களுடையது 64 ஜிபி. ஆக 128 கேபி. 3 லட்சம் கோப்பு × 128 கேபி = 36.6 ஜிபி. காலியாக இருந்த 34 ஜிபியில் சரியாக 2,78,528 கிளஸ்டர்தான் உண்டு. நீங்கள் சொன்ன இடத்தில்தான் அது நின்றிருக்க வேண்டும், நின்றிருக்கிறது.

கணினியில் 1.1 என்பது 1.7 ஆனதும் இதே கதைதான். 4 கேபி கிளஸ்டரில் கோப்புக்குச் சராசரியாக அரை கிளஸ்டர், அதாவது 2 கேபி வீணாகும் என்று வைத்துக்கொண்டால் 3 லட்சத்துக்கு 0.6 ஜிபி வருகிறது.

இன்னொன்று: 64 ஜிபி பென்டிரைவ் முழுக்கக் காலியாக இருந்தாலும் 128 கேபி கிளஸ்டர் என்றால் அதில் மொத்தம் 4.88 லட்சம் கிளஸ்டர்தான். கோப்பில் ஒரே ஒரு எழுத்து இருந்தாலும் சரி, 4.88 லட்சத்துக்கு மேல் கோப்புகளை வைக்க முடியாது.

#6 டீக்கடை_பெஞ்ச்

ஒருத்தர் உட்கார ஒரு கல்யாண மண்டபமே புக் பண்ணியிருக்கிறீர்கள். 3 லட்சம் மண்டபம்!

#7 சிப்பாய்7

சரி, போலி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு கணக்குத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, இந்தக் கோப்பு இந்த பைட்டில் தொடங்கி இந்த பைட்டில் முடிகிறது என்று எழுதி வைக்க என்ன கஷ்டம்? அடுத்தடுத்து ஒட்டி வைத்துவிடலாமே?

#8 வட்டெழுத்து

எழுதி வைக்கலாம். அழிக்கும்போதும் வளரும்போதும்தான் சிக்கல். நடுவில் 3,700 பைட் கோப்பு ஒன்றை அழித்தால் அந்த ஓட்டையில் 3,701 பைட் கோப்பு நுழையாது. கொஞ்ச நாளில் டிஸ்க் முழுக்கக் கண்ட அளவில் ஓட்டைகள் விழும், அவற்றைப் பட்டியல் போட்டு வைப்பதே பெரிய வேலையாகிவிடும். சம அளவுத் துண்டு என்றால் எந்தத் துண்டும் எந்தக் கோப்புக்கும் பொருந்தும். அதோடு வன்பொருளே பைட் பைட்டாகப் படிப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் குறைந்தபட்சம் ஒரு செக்டர், அதாவது 512 பைட்டோ 4,096 பைட்டோதான்.

கணக்கு வைப்பதற்கும் இடம் வேண்டுமே. எக்ஸ்ஃபேட் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் ஒரு பிட் வைத்திருக்கிறது: 0 என்றால் காலி, 1 என்றால் நிரம்பியது. 64 ஜிபியை 4 கேபியாக வெட்டினால் 1.56 கோடி கிளஸ்டர், அந்தப் பிட் வரைபடம் ஏறத்தாழ 2 எம்பி. 128 கேபியாக வெட்டினால் 61 கேபி போதும். அடுத்த துண்டு எது என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை தனி. அதற்குக் கிளஸ்டருக்கு 4 பைட், ஆக முதல் வகைக்கு 62 எம்பி, இரண்டாவதற்கு 2 எம்பிகூட இல்லை.

கேமராவிலும் போனிலும் இருக்கிற சின்னச் செயலிக்கு இந்த வித்தியாசம் பெரிது. எக்ஸ்ஃபேட் 2006-இல் வந்ததே பென்டிரைவ், மெமரி கார்டு போன்ற ஃபிளாஷ் நினைவகத்துக்காகத்தான். அதற்கு முந்தைய ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அதன் அளவை எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். வீடியோவுக்கு அது போதவில்லை. அதே பென்டிரைவில் இருக்கிற உங்கள் 24 ஜிபி வீடியோவுக்கு 128 கேபி கிளஸ்டரால் எந்த நஷ்டமும் இல்லை. கோப்புக்கு அரை கிளஸ்டர் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? பக்கத்துக்கொரு டெக்ஸ்ட் கோப்பு என்பது அந்த வடிவமைப்பு எதிர்பார்க்காத கூட்டம்.

#9 பழனி_சர்வர்

இதன் லினக்ஸ் உறவினரை நான் அடிக்கடி சந்திப்பேன். சர்வரில் 'இடமில்லை' என்று பிழை வரும். டிஎஃப் கட்டளை போட்டால் 40 சதவீதம் காலி என்று காட்டும். புதிதாக வந்த பையன்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

லினக்ஸில் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4-இல் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்று ஒரு பதிவு உண்டு. உரிமையாளர் யார், அளவு என்ன, எந்தெந்த பிளாக்கில் தரவு இருக்கிறது என்பதெல்லாம் அதில்தான். பெயர் மட்டும் அதில் இருக்காது, பெயர் போல்டரில் இருக்கும். இந்த ஐநோட்கள் எத்தனை என்பதும் ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. 100 ஜிபி டிஸ்க் என்றால் 65,53,600. ஏதாவது ஒரு நிரல் செஷன் கோப்பு என்று சொல்லி 200 பைட், 300 பைட்டில் லட்சக்கணக்காகக் கொட்டினால் பிளாக் தீர்வதற்கு முன்னால் ஐநோட் தீர்ந்துவிடும். டிஎஃப்புடன் 'ஐ' சேர்த்துப் பார்த்தால் 100 சதவீதம் என்று சிரிக்கும்.

ஆக டிஸ்க்கில் இடம் என்பது ஒன்றல்ல, இரண்டு. தரவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று.

#10 ஏட்டுச்சுவடி

வட்டெழுத்து ஐயா, பழனி அண்ணா, நன்றி. இடம் ஏன் போதவில்லை என்பது புரிந்தது. இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, 1 ஜிபி வீடியோ ஓரிரு நிமிடத்தில் போகிறது, இது ஏன் இரவெல்லாம் ஓடியது? இரண்டு, கணினியில் சில கோப்புகளுக்கு (விளம்பரப் பக்கம், ஓரிரு வரிதான் இருக்கும்) 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 பைட் என்று காட்டுகிறது. பூச்சிய இடத்தில் எப்படி இருக்கும்?

#11 வட்டெழுத்து

இரண்டாவது எளிது. என்டிஎஃப்எஸ்-இல் எல்லாக் கோப்புகளின் விவரமும் எம்எஃப்டி என்ற ஒரு பெரிய அட்டவணையில் இருக்கும், கோப்புக்கு 1 கேபி பதிவு. கோப்பு மிகச் சின்னதாக இருந்தால், ஏறக்குறைய 700 பைட்டுக்குள், அதற்கென்று கிளஸ்டர் எடுக்காமல் அந்தப் பதிவுக்குள்ளேயே உள்ளடக்கத்தையும் எழுதிவிடும். தனி இடம் இல்லாததால் 0. (பெயர் நீளமாக இருந்தால் அதுவும் அதே 1 கேபியில்தான் உட்கார வேண்டும், அப்போது உள்ளடக்கத்துக்குக் கிடைக்கும் இடம் குறையும்.) எக்ஸ்ஃபேட்டில் இந்தச் சலுகை கிடையாது.

முதல் கேள்விக்கு வருவோம். வீடியோ ஒன்றை எழுதும்போது பெயர் பதிவு ஒரு தடவை, பிறகு தரவு வரிசையாகக் கொட்டும். உங்களுக்கோ ஒவ்வொரு 3,700 பைட்டுக்கும் இந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், போல்டரில் பெயர் எழுத வேண்டும், பிட் வரைபடத்தில் ஒரு பிட்டை மாற்ற வேண்டும், தரவை எழுத வேண்டும், நேரமும் அளவும் பதிய வேண்டும். 3 லட்சம் தடவை.

இதில் முதல் படிதான் கொடுமை. எக்ஸ்ஃபேட் போல்டர் என்பது 32 பைட் பதிவுகளின் நீண்ட வரிசை. கோப்புக்குக் குறைந்தது மூன்று பதிவு, பெயரில் 15 குறிக்கு ஒரு பதிவு வீதம் கூடும் (க என்ற எழுத்தும் ஒரு குறி, அதன் கால், கொம்பு, புள்ளியும் தனித்தனிக் குறி). உங்கள் பெயர்கள் 75 குறி இருக்கும் என்று வைத்தால் கோப்புக்கு 7 பதிவு, 224 பைட். 3 லட்சத்துக்கு 67 எம்பி, பெயர்களுக்கு மட்டும்! அதில் ஒரு பெயரைத் தேட வரிசையாகத்தான் போக வேண்டும். ஒப்பிடுவதை வேகமாக்க 16 பிட் ஹேஷ் (பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு சின்ன எண்) ஒன்று வைத்திருக்கிறார்கள், ஆனாலும் வரிசை வரிசைதான். கோப்பு கூடக் கூட அடுத்த கோப்பைச் சேர்க்கும் நேரமும் கூடும். என்டிஎஃப்எஸ் பெயர்களை பி-ட்ரீ என்ற கிளைவிட்ட அமைப்பில் வைப்பதால் சில தாவல்களில் கண்டுபிடித்துவிடும். இஎக்ஸ்டி4-லும் அதுபோல ஒன்று உண்டு.

பிறகு ஃபிளாஷின் குணம். எழுதிய இடத்தின் மேலேயே திருப்பி எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ பெரிய பெரிய தொகுதியாகத்தான், நூற்றுக்கணக்கான கேபி, சிலவற்றில் எம்பி கணக்கு. ஒரு பிட்டை மாற்றினாலும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் புது இடத்தில் எழுதி, பழையதை ஒதுக்கி, பிறகு துப்புரவு செய்ய வேண்டும். எஸ்எஸ்டியில் இதற்கு நல்ல சிப்பும் நினைவகமும் இருக்கும். முந்நூறு ரூபாய் பென்டிரைவில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

#12 சிப்பாய்7

அப்ப ஃபேட்32-இல் 4 கேபி கிளஸ்டர் வைத்து ஃபார்மட் பண்ணிவிட்டால்? கோப்பு எல்லாம் சின்னதுதானே, 4 ஜிபி வரம்பு இடிக்காது.

#13 பழனி_சர்வர்

அது இடிக்காது, வேறொன்று இடிக்கும். ஃபேட்32-இல் ஒரு போல்டருக்கு 65,536 பதிவுகள்தான். நீளப் பெயருக்கு 13 குறிக்கு ஒரு பதிவு போகும். 75 குறிப் பெயர் என்றால் கோப்புக்கு 7 பதிவு. 9,362 கோப்போடு போல்டர் மூடிக்கொள்ளும்.

எந்த ஃபார்மட்டாக இருந்தாலும் 3 லட்சத்தை ஒரே போல்டரில் வைக்காதீர்கள். இதழ், ஆண்டு என்று பிரியுங்கள். நிரல் எழுதுகிறவர்கள் பழைய பதிப்புகளைச் சேமிக்க வைத்திருக்கும் கிட் கருவி என்ன செய்கிறது பாருங்கள்: ஒவ்வொரு பொருளுக்கும் ஹேஷ் கணக்கிட்டு, அதன் முதல் இரண்டு எழுத்தைப் போல்டர் பெயராக வைத்து 256 போல்டர்களில் பரப்பும். அப்படியும் நாளாக நாளாகச் சமாளிக்க முடியாமல் அவற்றை ஒரே பேக் கோப்பாகக் கட்டிவிடும். இவ்வளவு யோசித்து எழுதியவர்களே சில்லறைக் கோப்புகளைக் கட்டி வைக்கிறார்கள் என்றால் நாமும் ஜிப் போல ஒரே கோப்பாகக் கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

#14 மணிமேகலை_க

கட்டுவது என்று வந்துவிட்டால் ஜிப்போடு ஏன் நிற்க வேண்டும்? எஸ்க்யூலைட்டில் போடுங்கள், முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கும். இதழ், ஆண்டு, மாதம், தலைப்பு, பக்கம், உரை என்று ஆறு நெடுவரிசை. பெயருக்குள் திணித்து வைத்திருக்கிற விவரமெல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விடும். 3 லட்சம் பக்கமும் ஒரே கோப்பு, நகலெடுக்கச் சில நிமிடம்.

10 கேபி அளவுள்ள சின்னத் துண்டுகளைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து படிப்பதைவிட எஸ்க்யூலைட்டிலிருந்து படிப்பது 35 சதவீதம் வேகம் என்று அதை எழுதியவர்களே சோதித்துப் போட்டிருக்கிறார்கள். காரணம் எளிது: ஒவ்வொரு கோப்பையும் திற, மூடு என்று இயங்குதளத்திடம் கேட்கும் செலவு இல்லை. நீண்ட காலச் சேமிப்புக்கும் பயமில்லை. 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தரவுத் தொகுப்புகளுக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் உண்டு.

#15 வட்டெழுத்து

மணிமேகலை, எனக்கும் எஸ்க்யூலைட் பிடிக்கும். ஆனால் வீணாகும் இடம் அங்கே காணாமல் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அதற்கும் உள்ளே 'பக்கம்' என்ற சம அளவுத் துண்டு உண்டு, வழக்கமாக 4,096 பைட். 3,700 பைட் வரிசை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தால் மீதி இடத்தில் அடுத்தது நுழையாது. 4,300 பைட் என்றால் வழியும் பகுதிக்கு இன்னொரு பக்கம் முழுதாகப் போகும். ஆக இவருடைய தரவுக்கு என்டிஎஃப்எஸ்-இல் என்ன வீணாகிறதோ கிட்டத்தட்ட அதே இங்கேயும். தரவுத்தளம் தொடங்கும்போதே பக்க அளவை 16 கேபி, 32 கேபி என்று வைத்தால் குறையும். 64 கேபி வரை போகலாம்.

என் தயக்கம் வேறு. மெய்ப்பு பார்ப்பவர் நோட்பேடில் திறந்து திருத்துபவர். அவருக்கு எஸ்க்யூலைட் கொடுத்தால் முதல் நாளே போன் வரும்.

#16 மணிமேகலை_க

பக்க அளவு பற்றிச் சொன்னது சரி. திருத்துவதற்குக் கோப்பு, வைத்துக்கொள்வதற்கும் தேடுவதற்கும் தரவுத்தளம் என்று பிரித்துக்கொள்ளலாமே. 'பாரதி' என்று தேடினால் எந்த இதழ், எந்தப் பக்கம் என்று நொடியில் வரும். 3 லட்சம் கோப்பில் விண்டோஸ் தேடலை விட்டுப் பாருங்கள், காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

தேடல் வைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் பகுதி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், எழுத்து வகையையும் எண் வகையையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் துணையெழுத்துகளும் புள்ளியும் யூனிகோடில் 'குறி' (மார்க்) என்ற தனி வகை. அதனால் 'பாரதி' துண்டு துண்டாக உடைந்து பட்டியலாகும். அட்டவணை உருவாக்கும்போதே குறி வகைகளையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். தமிழில் தேடல் கோளாறாக இருக்கிறது என்று புலம்புகிற பல திட்டங்களில் இதுதான் காரணம்.

#17 பழனி_சர்வர்

இப்போதைக்கு அனுப்புவதுதானே பிரச்சினை? ஜிப் போதும். விண்டோஸ், லினக்ஸ் எங்கேயும் திறக்கும். மூன்று விஷயம் மட்டும் கவனிக்க.

பழைய ஜிப் வடிவத்தில் 65,535 கோப்புதான் அடங்கும். 3 லட்சத்துக்கு ஜிப்64 வேண்டும். 7-ஜிப் போன்றவை தானே மாறிக்கொள்ளும், ஆதிகால நிரல் எதையும் எடுக்காதீர்கள். தமிழ்ப் பெயர்களும் அப்படியே. பெயர் யூடிஎஃப்-8-இல் (யூனிகோடு எழுத்துகளை பைட்டாக எழுதும் முறை) இருக்கிறது என்று குறிக்கும் வசதி ஜிப்புக்கு 2006-இல்தான் வந்தது.

ஜிப்பின் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. நகலாகும்போது பாதியில் பிடுங்கினால் பட்டியல் போய்விடும், சாதாரண நிரல் 'இது ஜிப்பே இல்லை' என்றுவிடும். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் ஒரு சின்னத் தலைப்பு உண்டு. அதை வைத்துப் பழுதுபார்க்கும் கருவிகள் பெரும்பாலானதை மீட்டுவிடும். லினக்ஸ் பக்கம் கோப்புகளைக் கட்டப் பயன்படும் டார் வேறு மாதிரி: அது டேப்புக்காகப் பிறந்தது, பட்டியலே கிடையாது. 512 பைட் தலைப்பு, தரவு, மறுபடி தலைப்பு என்று போகும். எது வரைக்கும் வந்ததோ அது வரைக்கும் படிக்கலாம். ஆனால் ஒரு கோப்பைத் தேட முதலிலிருந்து ஓட வேண்டும்.

7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட் எடுத்தால் எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஒரே ஓட்டமாகச் சுருக்கும், அளவு ரொம்பக் குறையும். ஆனால் நடுவில் ஓரிடம் கெட்டால் அந்தத் தொகுதியில் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் போச்சு. அதனால் எது கட்டினாலும் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும்) கணக்கிட்டுத் தனியாக வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

#18 பழைய_டிடிபி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த வம்புக்கெல்லாம் மூலம் யூனிகோடு. அதற்கு முன்பிருந்த டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கக் காலத்தில் ஓர் எழுத்து பெரும்பாலும் ஒரு பைட், இரண்டு பைட்டில் முடிந்தது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் அழ வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையாவது ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் எழுத்துக்கு 2 பைட்டோடு போயிருக்கும்.

#19 மணிமேகலை_க

ஐயா, 3 பைட் என்பது உண்மை. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, 15 பைட். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8-ஐ வகுத்தபோது ஆங்கிலம் பழையபடி 1 பைட்டில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. நாம் பின்னால் வரிசையில் நிற்கிறோம்.

ஆனால் இந்த இழையின் பிரச்சினைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 3,700 பைட்டை டிஸ்கியில் 1,200 ஆக்கினாலும் பென்டிரைவில் பிடிப்பது அதே 128 கேபி. சுருக்கும்போதோ வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி எல்லாவற்றிலும் முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. மூன்றில் இரண்டு பைட் திரும்பத் திரும்ப அதேதான். ஜிப்புக்கு அதைவிடச் சுலபமான தீனி இல்லை.

டிஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும். அச்சுக்கு வசதி, தேடலுக்கும் அகரவரிசைக்கும் தலைவலி.

#20 பழைய_டிடிபி

தலைவலி எங்களுக்கு இல்லை, நிரல் எழுதியவர்களுக்கு. சரி, விடுங்கள்.

#21 ஏட்டுச்சுவடி

செய்தாயிற்று. ஆண்டுவாரியாகப் போல்டர் பிரித்து, 7-ஜிப்பில் ஜிப் ஆக்கினேன். 480 எம்பி சொச்சம் வந்தது. 7இசட் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் பழனி அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு ஜிப்பையே அனுப்பினேன். பென்டிரைவுக்கு ஒரு நிமிடத்தில் போய்விட்டது. ஏன் ஜிப் அவ்வளவு பெரிது?

#22 வட்டெழுத்து

ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு தடவையும் தமிழை முதலிலிருந்து கற்றுக்கொள்கிறது. அதோடு பெயர் இரண்டு இடத்தில் எழுதப்படும், கோப்பின் தலைப்பிலும் கடைசிப் பட்டியலிலும். உங்கள் பெயர்கள் 200 பைட்டுக்கு நீள்பவை. பெயரும் தலைப்பும் மட்டுமே 140 எம்பி இருக்கும்.

#23 யாழ்நிலா

வணக்கம், நான்தான் அந்தப் பென்டிரைவைப் பெற்றுக்கொண்ட ஆள். எஸ்எச்ஏ எண் ஒத்துப்போகுது. என்ட கணினியில் உபுண்டு. ஜிப்பைப் பிரிக்கேக்க சில நூறு கோப்புகளுக்கு மட்டும் பெயர் நீளம் கூட என்று பிழை வருது. விண்டோஸில ஒழுங்காக இருந்த பெயர் இங்க எப்படி நீளமாகும்?

#24 வட்டெழுத்து

இங்கேதான் அந்த 3 பைட் கடிக்கிறது, பழைய_டிடிபி ஐயா மகிழலாம்.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டிலும் பெயர் யூடிஎஃப்-16-இல் பதிவாகிறது, வரம்பு 255 குறி. இஎக்ஸ்டி4-இல் வரம்பு 255 பைட். ஆங்கிலப் பெயருக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழுக்கு 255 பைட் என்றால் 85 குறி. 'கொள்கை' என்று மூன்றெழுத்துச் சொல்லுக்கே 6 குறி, 18 பைட் போகிறது. ஆகக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக 50 வந்தாலே அதிகம். நீண்ட கட்டுரைத் தலைப்பு உள்ள கோப்புகள் மாட்டியிருக்கும்.

பெயரை இதழ்க் குறியீடு, ஆண்டு, மாதம், பக்கம் என்று எண்களாகச் சுருக்கிவிட்டு, தலைப்பைக் கோப்பின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். மணிமேகலை சொன்ன தரவுத்தளத்துக்குப் போகும் நாளில் அதுவே வசதி.

#25 யாழ்நிலா

நன்றி அண்ணா. இன்னொரு விசித்திரம். ஒரே பெயரில இரண்டு கோப்புகள் ஒரே போல்டருக்குள்ள இருக்குது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை. ஆயிரத்துக்கும் மேல சோடிகள். அங்க விண்டோஸிலயும் இப்பிடித்தானோ?

#26 மணிமேகலை_க

விண்டோஸிலும் அப்படியேதான் இருந்திருக்கும், 3 லட்சத்தில் யார் பார்ப்பார்கள். 'கொ'-வை இரண்டு விதமாகப் பதியலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு கொம்பு, கால் என்று இரண்டு. திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் சமம்தான். ஆனால் என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டுமே பெயரை அந்த விதிப்படி ஒப்பிடுவதில்லை, வந்த குறிகளை அப்படியே ஒப்பிடும். இரண்டு பேர் வேறு வேறு விசைப்பலகையில் தட்டியிருப்பார்கள்.

பெயர்களை என்எஃப்சி என்ற சீராக்கத்தில் விட்டால் 'கொ' சோடிகள் ஒன்றாகிவிடும். பைத்தானில் நாலு வரி. ஆனால் சீராக்கம் எல்லாவற்றையும் பிடிக்காது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டியிருந்தால் அது வேறு சொல்லாகவே நிற்கும். 'ஸ்ரீ' என்பதை ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும் எழுதலாம், பல எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான் வரும், அதையும் அது சேர்க்காது. காலுக்குப் பதில் 'ர' தட்டுகிறவர்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

முக்கியம்: பெயரை மாற்றும்போது மேலெழுதிவிடாதீர்கள். முதலில் இரண்டின் உள்ளடக்கத்துக்கும் ஹேஷ் எடுத்து ஒப்பிடுங்கள்.

#27 யாழ்நிலா

செய்து பார்த்தாச்சு. முக்கால்வாசிச் சோடிகளில உள்ளடக்கம் ஒன்றுதான், ஒன்றை எடுத்துவிட்டேன். மிச்சத்தில ஒன்று திருத்தாத ஓசிஆர், மற்றது யாரோ திருத்தினது. சிலதில இரண்டுமே திருத்தினது, ஆனால் வேற வேற ஆட்கள் வேற வேற மாதிரித் திருத்தியிருக்கினம். ஏட்டுச்சுவடி அண்ணா, அந்தப் பட்டியலை மின்னஞ்சல் செய்யிறன். 1958 பொங்கல் மலரில இருந்து பார்க்கத் தொடங்குங்கோ, அதிலதான் கூட இருக்கு.